ஆவாரங்காடு: நிறுத்தம்

மார்ச் 4, திங்கள்

கோப்பு திரும்பி வந்தது. பதினோரு வருடத்தில் நான்காவது முறை. முதல் மூன்று முறையும் "தற்போது சாத்தியமில்லை" என்று ஒரே வரிதான். இந்த முறை, "ஐந்து ஜோடி வண்டிகளுக்கும் கால அட்டவணை அமையுமானால் ஜூலை முதல் தேதி தொடங்கலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் இரண்டு தடவை படித்தேன். நம்பிக்கை வராமல் எங்கள் பிரிவு அதிகாரி பரசுராமன் சாரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

அவரும் இரண்டு தடவை படித்தார். "ஜெயசீலி, டிசம்பர்ல நான் ரிட்டயர். அதுக்குள்ள ஒரு உருப்படியான காரியம் பண்ணிட்டுப் போயிடுவோம்" என்றார்.

ஆலங்கோட்டைச் சந்திப்பிலிருந்து கடற்கரையில் இருக்கும் செம்மண்துறை வரை அறுபத்திரண்டு கிலோமீட்டர். இதில் காலையில் ஒரு பாசஞ்சர் போய் வருகிறது, மாலையில் ஒன்று. விட்டால் அன்றைய நாள் போச்சு. மீன் கொண்டுவரும் பெண்கள் கூடையோடு ஆறு மணி நேரம் பிளாட்பாரத்தில் கிடக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் மூன்று மணிக்கு வகுப்பு முடிந்து ஏழு மணி வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். இந்த இரண்டு ஜோடியை ஐந்தாக்க வேண்டும் என்று நான் தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தபோது எனக்குத் தலையில் ஒரு நரைமுடி இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அரைக்கிலோ வஞ்சிரம் வாங்கினேன். "என்ன விசேஷம்?" என்று ஆசீர் கேட்டார். சொன்னேன். மனிதர் ஆலங்கோட்டை மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் தன் மெடிக்கல் ஷாப்பை ஒன்பதுக்கே பூட்டிவிட்டு வந்து சாப்பிட்டார். கல்யாணநாளுக்குக்கூட இப்படி வந்ததில்லை.

மார்ச் 13, புதன்

எட்டு நாளாகச் சார்ட்டோடு மல்லுக்கட்டு. சார்ட் என்பது கட்டம்போட்ட பெரிய தாள். குறுக்கே நேரம், மேலிருந்து கீழே நிலையங்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு கோடுகள் நிலையத்தில்தான் சந்திக்கலாம். நடுவழியில் சந்தித்தால் மறுநாள் பேப்பரில் எங்கள் பெயர் வரும். இப்போது எல்லாரும் இதைக் கணினியில் செய்கிறார்கள். எனக்குப் பென்சிலும் ரப்பரும் இருந்தால்தான் மூளை வேலை செய்கிறது.

நாலு ஜோடி பிசகில்லாமல் உட்கார்ந்துவிட்டது. ஐந்தாவது முரண்டு பிடிக்கிறது. காரணம் ஆவாரங்காடு. அது ஸ்டேஷன்கூட இல்லை, ஹால்ட். ஒரு தாழ்வான பிளாட்பாரம், தகரக் கூரை, டிக்கெட் விற்கக் கமிஷனுக்கு ஒரு ஆள். அவ்வளவுதான். காலை வண்டி அங்கே நிற்பது ஒரு நிமிடம். வேகம் குறைக்க, நிற்க, மறுபடி வேகம் பிடிக்க என்று சேர்த்தால் நாலு நிமிடம் போகிறது. அடுத்த ஸ்டேஷனான நெட்டூரணியில் எதிர்வண்டி அந்த நாலு நிமிடமும் காத்துக் கிடக்கிறது. ஒரே வண்டித்தொடர்தான் போய்ப் போய்த் திரும்பி ஓடவேண்டும் என்பதால், காலையில் தவறிய நாலு நிமிடம் மாலையில் நாற்பது நிமிடமாகிவிடுகிறது. ஐந்தாவது ஜோடி தாளைவிட்டே கீழே விழுகிறது.

வீட்டில் மோட்டார் ஓடவில்லை. எலெக்ட்ரீஷியன் "இந்தா வர்றேன்" என்று சொல்லி மூன்று நாள் ஆகிறது.

மார்ச் 20, புதன்

அலுவலக ஜீப்பில் விடியும்போதே ஆவாரங்காடு போனேன். நேரில் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது என்பது என் கொள்கை. (இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.)

டிக்கெட் விற்பவள் செல்லத்தாய். ஐம்பது வயதிருக்கும், படபடவென்று பேசுகிறாள். "ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீகளா? வாங்கம்மா, வாங்க. இந்தக் கூரையைப் பாத்தீகளா, மழை பேஞ்சா டிக்கெட்டைப் பாவாடைக்குள்ள வச்சுத்தான் விக்குறேன்" என்று ஆரம்பித்துவிட்டாள். கணக்குப்படி ஒரு நாளைக்குச் சராசரி முப்பத்தெட்டு டிக்கெட். ஆனால் பிளாட்பாரத்தில் நூறு பேருக்குமேல் நின்றார்கள். கேட்டேன்.

"பூராம் மில்லுக்குப் போற பொம்பளைகம்மா. சீசன் டிக்கெட்டு. அதை ஆலங்கோட்டையில போயி எடுத்துக்கிறாளுக. அந்தக் கணக்கெல்லாம் அங்க போயிரும். எனக்கு என்ன வருது, கெட்டபேருதான் வருது."

அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டுக் காலை ரயிலில் நானும் ஏறினேன். என் எதிரே செல்லத்தாயின் கணவர் சங்கையா. மடியில் துணிப்பை. போர்வெல் போடும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவராம். இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி ஆலங்கோட்டை அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். எட்டு மணிக்குப் படுக்கை. 6.40க்கு ஏறினால் 7.35க்குச் சந்திப்பு, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. "நேரத்துக்குப் போகலைன்னா மெஷினை அடுத்த ஆளுக்கு மாத்திருவாகம்மா. அவுகளையும் குத்தம் சொல்ல முடியாது, எத்தனை பேரு காத்துக் கெடக்காக" என்றார். ஊரிலிருந்து மெயின் ரோடு நாலு கிலோமீட்டர், முதல் பஸ் ஒன்பது மணிக்கு. இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஊரைப் பற்றிய தகவலாகச் சொன்னார்.

பாதி வழியில் பையிலிருந்து இரண்டு கொய்யாக்காய் எடுத்து ஒன்றை என்னிடம் நீட்டினார். "நான் திங்கக்கூடாது. ஆனா வெறுங்கையா வரப் புடிக்கலை." வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

சார்ட்டில் பதினேழு விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். பதினேழிலும் ஆவாரங்காடு குறுக்கே படுத்திருக்கிறது.

பரசுராமன் சார் தாளைப் பார்த்தார். "அந்த ஹால்ட்டை எடுத்துடுங்க. முப்பத்தெட்டு டிக்கெட்டுக்காக அறுபத்திரண்டு கிலோமீட்டரைப் பட்டினி போடலாமா?" என்றார்.

"காலை வண்டிதான் சார் சிக்கல். மத்த நாலும் அங்க நிக்கலாம்."

"ஒண்ணு நிக்கும், ஒண்ணு நிக்காதுன்னா தினம் ஒரு மனு வரும். மொத்தமா எடுங்க. சுத்தமா இருக்கும்."

சீசன் டிக்கெட் விஷயத்தை அவரிடம் சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருப்பேன்.

ஆவாரங்காட்டை அழித்ததும் ஐந்து கோடும் தோரணம் கட்டியதுபோல் வந்து விழுந்தன. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதினோரு வருடம்! பதினான்கு ஊர்களுக்கு ஐந்து வண்டி. ஒரு ஊருக்கு மட்டும் இல்லை.

ஏப்ரல் 10

மோட்டார் சரியானது.

மே 17, வெள்ளி

தலைமையகம் ஒப்புக்கொண்டது. ஒரே நிபந்தனை. எந்த ஊரில் மாற்றம் வருகிறதோ அங்கே அறிவிப்பு ஒட்டி முப்பது நாள் ஆட்சேபம் கேட்க வேண்டும். ஆட்சேபம் வந்தால் விசாரணை வைக்க வேண்டும். விசாரணை வைத்தால் ஜூலை போய் ஜனவரி ஆகும், பரசுராமன் சார் ரிட்டயர் ஆகிவிடுவார், புதிதாக வருபவர் கோப்பை மறுபடி முதல் பக்கத்திலிருந்து படிப்பார். எனக்குத் தெரியாதா என்ன.

ஆங்கில அறிவிப்பு தயாராக வந்தது. "ஸ்டாப்பேஜ் வித்ட்ரான்" என்று, அதாவது வண்டி இனி நிற்காது என்று, அதில் தெளிவாக இருக்கிறது. தமிழ் எழுதுவது என் வேலை. அட்டவணையில் இடது பக்கம் ஊர், வலது பக்கம் குறிப்பு. செம்மண்துறைக்கு நேராக "புறப்பாடு" என்று எழுதினேன். நெட்டூரணிக்கு "வண்டிகள் சந்திப்பு". ஆவாரங்காட்டுக்கு நேராக "ஐந்து ஜோடிக்கும் நிறுத்தம்".

கட்டம் குறுகலாக இருந்தது. அதனால் சுருக்கமாக எழுத வேண்டியதாயிற்று.

மே 18, சனி

பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தது தப்பு. ஆசீர் சாப்பிட்டுக்கொண்டே படித்தார்.

"இந்த ஆவாரங்காட்டுல வண்டி நிக்குமா, நிக்காதா?"

"நிறுத்தம்னு போட்டிருக்கே, தெரியலையா?"

"அதைத்தான் கேக்குறேன். நிறுத்தம்னா நிக்கிற எடமா, நிறுத்திட்டீங்களா?"

"ஆபீஸ் வேலைக்கு வீட்டுல பரீட்சை வைக்காதீங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் சாப்பிட்டு முடிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மறுபடி போட்டுக் கொடுத்தேன். அவர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

மே 20, திங்கள்

அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஆங்கிலம் சந்திப்பில், தமிழ் எல்லா ஊர்களிலும்.

மே 23, வியாழன்

செல்லத்தாய் போன் செய்தாள். மார்ச்சில் என் நம்பரை வாங்கி வைத்திருந்தாள்.

"அம்மா, நல்லா இருப்பீக! ரெண்டு வண்டி நின்ன எடத்துல அஞ்சு வண்டியும் நிக்கப்போகுதாமே! அன்னிக்கு நீங்க வந்து பாத்துட்டுப் போனீகளே, அப்பவே நெனச்சேன், இந்தம்மா ஏதோ செய்யப்போறாகன்னு. ஊரே உங்களைத்தான் சொல்லுது."

கையில் சூடான பால் பாத்திரம். அதை இறக்கி வைத்தேன். "செல்லத்தாய், அந்த நோட்டீஸை நல்லாப் படிச்சுப் பாருங்க" என்றேன்.

"பத்துத் தடவை படிச்சாச்சும்மா! பள்ளிக்கூடத்து வாத்தியாரை விட்டே சத்தமா வாசிக்கச் சொன்னோம். ஐந்து ஜோடிக்கும் நிறுத்தம்!"

பால் ஆடை கட்டும்வரை நின்றுகொண்டிருந்தேன். நான் எழுதியதைத்தான் அவர்கள் படித்திருக்கிறார்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

மே 24

பேனாவுக்கு ரீஃபில் வாங்கினேன். மாதா கோயிலுக்குப் போக நினைத்தேன், போகவில்லை.

ஜூன் 7, வெள்ளி

இதுவரை ஆட்சேபம் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் தபால் கட்டை நானே பிரிக்கிறேன். ஆவாரங்காட்டிலிருந்து யாராவது திட்டி ஒரு கார்டு போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. வராமல் இருந்தாலும் நன்றாக இருக்கும் என்று அதே நிமிடம் தோன்றுகிறது.

நெட்டூரணி ஸ்டேஷன் மாஸ்டர் போனில் வேறு விஷயம் பேசும்போது சொன்னார், ஆவாரங்காட்டுக்காரர்கள் பிளாட்பாரத்தைச் சுற்றியிருந்த கருவேல முள்ளை எல்லாம் வெட்டி, கூரைத் தகரத்தை மாற்றி, சுண்ணாம்பு அடித்திருக்கிறார்களாம். "அதை மூடப்போறோம்னு அவங்களுக்குத் தெரியும்ல மேடம்?" என்று கேட்டார்.

"நோட்டீஸ் ஒட்டியிருக்கு சார்" என்றேன்.

ஜூன் 12, புதன்

வந்துவிட்டது. பெரிய பழுப்பு உறை. உள்ளே நாலு தாள். "ஐந்து ஜோடி வண்டிகளுக்கும் எங்கள் ஊரில் நிறுத்தம் வழங்கிய ரயில்வே நிர்வாகத்துக்கு ஆவாரங்காடு பொதுமக்களின் மனமார்ந்த நன்றி." கீழே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்து. கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு. சங்கையா பச்சை மையில் போட்டிருக்கிறார். நடுக்கத்தில் அந்த "யா" கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது.

மேசை டிராயரில் வைத்தேன்.

சாயங்காலம் நானே செல்லத்தாய்க்குப் போன் செய்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் செய்தேன். அவள் என்னைப் பேசவிட்டால்தானே! "அம்மா, உங்க புண்ணியத்துல ஒரு தலைவலி தீந்துச்சும்மா. இவுகளுக்கு ஒடம்பு முடியலை, வண்டி ரெண்டுதான் இருக்கு, எதாவது ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்ணனு, ஆலங்கோட்டையில ஆசுபத்திரிக்குப் பக்கத்துல ஒரு வீடு பாத்து வச்சிருந்தோம். வேணாம்னு சொல்லிட்டேன். அஞ்சு வண்டி வாசல்ல நிக்கும்போது எதுக்குங்கறேன்? அவுகளுக்கும் ஊரை விட்டுப் போக மனசில்லை. வேற ஆளு அந்த வீட்டுக்குக் குடி வந்துட்டாகளாம், வரட்டும்."

நான் "சரி, உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன்.

சொல்லவில்லை. இதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். நான் சொல்லவில்லை.

ஜூன் 19, புதன்

இன்று கடைசி நாள். நாலு தாளையும் எடுத்துக்கொண்டு பரசுராமன் சார் அறைக்குப் போனேன். அவர் படித்துவிட்டு முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன இது?"

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க போலருக்கு சார்."

"நாம என்ன போட்டோம்?"

"நிறுத்தம்னு."

"இங்கிலீஷ்ல தெளிவா இருக்கில்ல?"

"இருக்கு சார்."

அவர் கெட்டவர் இல்லை. தாள்களை மடித்து என்னிடமே நீட்டினார். "இன்னிக்கு அஞ்சு மணிக்கு மேல ஆட்சேபம் வாங்க முடியாது. இது ஆட்சேபம் இல்லை. நன்றிக் கடிதம். நன்றிக் கடிதத்தை எந்த ஃபைல்ல வைப்பீங்களோ அதுல வைங்க" என்றார்.

"ஆதரவுக் கடிதங்கள்" என்று ஒரு பிரிவு உண்டு. அதில் செம்மண்துறை வியாபாரிகள் சங்கம், இரண்டு கல்லூரிகள். நாலாவதாக ஆவாரங்காட்டை வைத்தேன். வரிசை எண் போட்டேன், தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன். மணி நாலே முக்கால். பதினைந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து இரண்டு வரி எழுதியிருக்கலாம். மீன் கூடைக்காரிகளை நினைத்துக்கொண்டேன். மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரை காத்திருக்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். அவர்களை நினைக்கும்போது தெம்பாக இருந்தது.

ஜூன் 20

குக்கருக்குக் கேஸ்கட் மாற்றினேன்.

ஜூலை 1, திங்கள்

நேற்றே செம்மண்துறை வந்து தங்கினோம். காலையில் கொடி அசைத்தார்கள். வண்டி முழுக்கச் சாமந்தி, மாவிலை. மீன்காரப் பெண்கள் குலவை போட்டுக்கொண்டு ஏறினார்கள். ஒருத்தி என் கன்னத்தைத் தடவி, "நீதான் போராடி வாங்கிக் குடுத்தியாம்ல தாயி" என்றாள். நான் வாழ்க்கையில் அதைவிட ஆசைப்பட்ட வார்த்தை வேறு இல்லை. அதைக் கேட்டதும் அவள் கையை விலக்கிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன்.

நான் இரண்டாவது பெட்டியில் ஜன்னலோரம் இருந்தேன். பரசுராமன் சார் எதிரே. 6.38க்கு ஆவாரங்காடு தெரிந்தது. முதலில் வெள்ளைச் சுண்ணாம்பு. பிறகு பிளாட்பாரத்தின் இரண்டு முனையிலும் கட்டிய வாழைமரம். ஊரே நின்றது. முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சங்கையா, மடியில் துணிப்பை, கழுத்தில் துண்டு. பக்கத்தில் செல்லத்தாய் ஆளுயர மாலையோடு, அது இன்ஜினுக்கு.

எல்லாரும் கையை ஆட்டினார்கள். வண்டி வேகம் குறையவில்லை. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். ஆட்டிய கைகள் ஒரு நொடியில் மாறின. முதலில் அது வரவேற்பு, பிறகு அது "நிறுத்து, நிறுத்து". மில் பெண்கள் இரண்டு மூன்று பேர் கூடவே ஓடிவந்தார்கள். சங்கையா நாற்காலியிலிருந்து பாதி எழுந்த நிலையில் ஜன்னலைக் கடந்துபோனார்.

"பாத்தீங்களா ஜெயசீலி, அவங்க ஊர்ல நிக்காட்டாலும் எவ்வளவு சந்தோஷமாக் கைகாட்டுறாங்க!" என்றார் பக்கத்தில் இருந்த ஓர் அதிகாரி. பரசுராமன் சார் மட்டும் தலையைக் குனிந்து நிகழ்ச்சி நிரலைப் படித்துக்கொண்டிருந்தார்.

ஆலங்கோட்டை வருவதற்குள் செல்லத்தாய் போன் செய்தாள். "அம்மா, டிரைவர் புது ஆளாம்மா? மறந்துட்டாரு போல. நாங்க கெடந்து கத்துறோம், அவரு பாட்டுக்குப் போறாரு. கொஞ்சம் சொல்லிவிடுங்கம்மா. புதன்கிழமை நின்னுரும்ல?"

"பாக்குறேன்" என்றேன். அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக நான் அதிகம் சொன்ன வார்த்தை இதுதான்.

ஜூலை 2, செவ்வாய்

ஆசீர் சொன்னார். நேற்று ராத்திரி செல்லத்தாய் கடைக்கு வந்து மாத்திரை வாங்கும்போது ஆவாரங்காட்டில் நடந்ததையெல்லாம் சொன்னாளாம். என் கணவர் கடை என்று அவளுக்குத் தெரியாது. யாரோ சங்கையாவைப் பைக்கில் மெயின் ரோடுவரை கொண்டுபோய் விட்டு, பஸ் பிடித்து, பத்தரைக்கு மருத்துவமனை சேர்ந்திருக்கிறார்கள். படுக்கை போய்விட்டது. சாயங்காலம்தான் போட்டிருக்கிறார்கள், அதுவும் நாலு மணி நேரத்துக்குப் பதில் இரண்டரை மணி நேரம். கால் இரண்டும் வீங்கியிருந்ததாம்.

"அந்தம்மா யாரையும் திட்டலை. டிரைவருக்குக் கண்ணு தெரியலைன்னு மட்டும் சொல்லிட்டுப் போச்சு" என்றார் ஆசீர். அவருக்குத் தெரியும். மே 18ஆம் தேதியே அவருக்குத் தெரியும்.

ஜூலை 3, புதன்

ஐந்து வண்டியும் நிற்காமல் போயும், டிரைவர்களுக்கு இன்னும் உத்தரவு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்றும் நின்றிருக்கிறார்கள். டிரைவர் வந்து புகார் கொடுத்தார். "நாற்காலியில ஒரு பெரியவரை உக்கார வச்சிருக்காங்க மேடம். தினம் ஹாரன் அடிச்சுட்டுப் போக எனக்கு மனசு வரலை" என்றார்.

பதினோரு மணிக்கு ஒரு குறிப்பு எழுதினேன். "ஆவாரங்காடு கடிதம் ஆதரவு அல்ல. தமிழ் அறிவிப்பில் நான் பயன்படுத்திய சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. எழுதும்போதே எனக்கு அது தெரியும். அந்தக் கட்டத்தில் 'ரத்து' என்று இன்னொரு வார்த்தை சேர்க்க இடம் இருந்தது. சேர்த்தால் ஆட்சேபம் வரும் என்பதால் சேர்க்கவில்லை. சீசன் டிக்கெட் பயணிகளை அறிக்கையில் காட்டவில்லை. காலை வண்டிக்கு மட்டுமாவது உடனே நிறுத்தம் தர வேண்டும்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பரசுராமன் சார் கதவைச் சாத்தச் சொன்னார். "இதை நான் மேல அனுப்பினா முதல்ல உங்க மேல நடவடிக்கை வரும். அப்புறம் என் மேல. அதுக்கப்புறமும் காலை வண்டி அங்க நின்னா அஞ்சாவது ஜோடி போயிடும். எந்த ஊர்க்காரன்கிட்டப் போய் உன் வண்டியைத் திரும்ப எடுத்துக்கிறோம்னு சொல்றது?"

"தெரியலை சார். அனுப்புங்க."

"அனுப்புறேன். ஆனா அடுத்த அட்டவணை ஜனவரியிலதான். அதுவரைக்கும் எவனும் ஒரு கோட்டையும் அசைக்கமாட்டான். உங்களுக்கே தெரியும்."

எனக்கே தெரியும். ஆறு மாதம். வாரத்துக்கு மூன்று நாள்.

ஜூலை 5, வெள்ளி

ஆசீர் ஐந்து மணிக்கே என்னை ஸ்கூட்டரில் ஆவாரங்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். கடை திறக்கவேண்டும் என்பதால் பிளாட்பாரத்தருகே இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். நான்தான் போகச் சொன்னேன். அவர் இருந்தால் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பேன் என்று எனக்குப் பயம்.

முதலில் பார்த்தது ஒரு மில் பெண். "ஏ, ஆபீஸ் அம்மா வந்துட்டாகடி! இன்னிக்கு நின்னுரும்!" என்று கூவினாள். இரண்டு நிமிடத்தில் பிளாட்பாரம் நிறைந்துவிட்டது. செல்லத்தாய் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நேர்லயே வந்துட்டீகளா! பாத்தீகளாடி, நான் சொல்லலை?" என்று எல்லாரிடமும் பெருமை பேசினாள். யாரோ டம்ளரில் காப்பி கொண்டுவந்தார்கள். சங்கையா நாற்காலியில் இருந்தபடி கும்பிட்டார். முகம் ஊதியிருந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். காப்பியைக் குடித்துக்கொண்டு நின்றேன். எனக்குள்ளும் ஒரு முட்டாள்தனமான நினைப்பு, டிரைவர் என்னைப் பார்த்தால் ஒருவேளை நிறுத்திவிடுவாரோ என்று. சார்ட் போட்டவளுக்கே இப்படித் தோன்றுகிறது.

வண்டி வந்தது. கைகள் எழுந்தன. ஹாரன். காற்று எல்லாருடைய சேலையையும் ஒரு பக்கமாக இழுத்தது. போய்விட்டது.

யாரும் தண்டவாளத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

"இங்க இனிமே வண்டி நிக்காது" என்றேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "அந்த நோட்டீஸ்ல நிறுத்தம்னு இருந்ததுக்கு அர்த்தம் அதுதான். வண்டி நிக்கிறதை நிறுத்தியாச்சுன்னு அர்த்தம். டிரைவர் மேல தப்பு இல்லை. எழுதினது நான். நீங்க மாத்திப் படிப்பீங்கன்னு தெரிஞ்சுதான் அப்படி எழுதினேன். நீங்க எதிர்ப்பு எழுதினா அஞ்சு வண்டியும் வராமப் போயிடும்னு பயந்துட்டேன். இப்ப மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன். ஜனவரி வரைக்கும் எதுவும் நடக்காது."

செல்லத்தாய் என் கையை விட்டாள். "நான் போன் பண்ணுனேனேம்மா" என்றாள். "வீடு வேணாம்னு சொல்லிட்டேன்னு உங்ககிட்டத்தானே சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." பக்கத்தில் இருந்த பெண், "எங்களை என்ன கூமுட்டைன்னு நெனச்சியா? படிச்ச பொம்பளதானே நீ?" என்றாள். இன்னொருத்தி என் காலடியில் காறித் துப்பினாள். நான் நகரவில்லை. திட்டு முழுவதும் கேட்க வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். கேட்டேன். பிறகு ஒவ்வொருவராக மில்லுக்கு நேரமாகிறது என்று மெயின் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

சங்கையாவைக் கூட்டிப்போக ஒரு பைக் வந்தது. பின்னால் ஏற்றி, விழாமல் இருக்கத் துண்டால் ஓட்டுபவரோடு சேர்த்து இடுப்பைக் கட்டினார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டார். பைக் கிளம்பும் நேரத்தில் சங்கையா ஓட்டுபவரின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். என் பக்கம் திரும்பினார்.

"மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டரு நடக்கணும், ஒம்போது மணி பஸ்ஸை விட்டா சாயங்காலம் வரைக்கும் வேற பஸ்ஸு கெடைக்காது. இங்க வண்டியும் நிக்காதுங்கறீக. அப்ப நீங்க எப்படிம்மா வீட்டுக்குப் போவீக?"

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று என் பதிலுக்காகக் காத்திருந்தார்.